எதிர்க்கரை மொழியும் நம் கல்வியும்

இந்தோனேசிய மொழியைத் தமிழ்நாட்டு மாணவர்கள் பல்கலைக்கழகத்தின் உயர்நிலையில், முதுகலை வகுப்பிலும் ஆய்விலும், கற்க வேண்டும் என்று வாதிட வந்திருக்கிறேன். மூன்று மாதச் சான்றிதழ் வகுப்பு என் பேச்சின் பொருள் இல்லை. வணக்கம் சொல்லவும் விலை கேட்கவும் வழி விசாரிக்கவும் அந்த மொழி வெகு சீக்கிரம் வந்துவிடும்; அதற்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டியதில்லை. நமக்கு உண்மையிலேயே பயன்படக்கூடியவை அந்த நாட்டின் சட்டமும் அரசாணையும், தொல்லியல் அறிக்கையும் பழைய ஏடும், கலைச்சொல் உருவான வரலாறும். இவை எல்லாம் சந்தைப் பேச்சுக்கு வெகு உயரத்தில், சில ஆண்டு உழைப்பில்லாமல் எட்டாத இடத்தில் இருக்கின்றன. இதுதான் என் வாதம். இதற்குரிய சான்றுகளைக் கூடுமானவரை இந்த மாவட்டத்திலிருந்தே எடுக்கப்போகிறேன். நாகப்பட்டினத்தை விட்டால், இந்தோனேசியத் தீவுகளோடு திருவள்ளூர் மாவட்டத்துக்கு இருக்கிற அளவு நீண்ட கொடுக்கல் வாங்கல் உள்ள மாவட்டம் தமிழ்நாட்டில் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பொன்னேரிக்குக் கிழக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1610-இல் பண்டகசாலை அமைத்தார்கள். இரண்டாம் வேங்கடபதி ராயர் ஆண்ட காலம் அது. 1612-இல் போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தார்கள். மறு ஆண்டே அங்கு கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு நிர்வாகம் இந்தக் கோட்டையிலிருந்துதான் நடந்தது. அவர்கள் இங்கே தேடி வந்த முதன்மையான சரக்கு துணி. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த மலுக்குத் தீவுகளில் அவற்றுக்கு ஈடாக மக்கள் விரும்பி வாங்கியது சோழமண்டலத் துணி. துணி போகாவிட்டால் அங்கே வாணிகம் நின்றுவிடும். இதை உணர்ந்த ஹென்ட்ரிக் பிரௌவர் என்ற டச்சு அதிகாரி, இந்தக் கரையை மலுக்குவின் இடக்கை என்றே 1612-இல் தம் மேலிடத்துக்கு எழுதினார். இந்தோனேசிய ஆண்கள் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் கட்டம்போட்ட கைலி இன்றும் பழவேற்காட்டின் பெயராலேயே அங்கு வழங்குகிறது. துணியோடு மனிதர்களையும் ஏற்றினார்கள். 17ஆம் நூற்றாண்டின் பஞ்ச ஆண்டுகளில் விற்கப்பட்டும் பிடிக்கப்பட்டும் அடிமையான ஆயிரக்கணக்கானோர் பழவேற்காட்டுக் கடலிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, கொண்டுபோகப்பட்டனர். கடைசியில் 1824-இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் செய்துகொண்ட ஒரே உடன்படிக்கையில் இந்தியாவிலிருந்த டச்சுக் குடியிருப்புகள் ஆங்கிலேயருக்கும், சுமத்ராவிலிருந்த பெங்கூலு டச்சுக்காரருக்கும் என்று முடிவாயிற்று. பழவேற்காடு 1825-இல் கைமாறியது. நம் மாவட்டத்துக் கடற்கரை ஊரின் விதியும் சுமத்ராவின் ஒரு துறைமுகத்தின் விதியும் ஒரே தாளில் எழுதப்பட்டவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பழவேற்காட்டின் வரலாற்றுக்கு வேண்டியது டச்சு மொழிதானே, இந்தோனேசியம் எதற்கு என்று கேட்கலாம். டச்சு வேண்டும், அதில் ஐயமில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரிலும் ஜகார்த்தாவிலும் ஒரு பகுதி நம் சென்னை ஆவணக் காப்பகத்திலும் டச்சு மொழியில்தான் உள்ளன. ஆனால் அந்த ஆவணங்கள் கம்பெனி தன் லாப நட்டத்துக்காக எழுதி வைத்தவை. எத்தனை பொதி ஏறியது, என்ன விலை போனது என்பதை அவை சொல்லும். இந்தத் துணியை உடுத்தியவர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்பதை அவர்களுடைய ஏடுகளில்தான் தேட வேண்டும். மலாய் இலக்கியத்தின் பெருங்கதையான ஹிக்காயத் ஹங் துவாவில் அதன் தலைவன் மலாக்காவின் தூதனாகக் கெலிங் நாட்டுக்கு, நம் நாட்டுக்கு, வருகிறான். அங்கே ஆளும் அரசனின் பெயர் கிஸ்ன ராயன், ஊரின் பெயர் பிஜய நகரம். செஜாரா மெலாயு சோழனை ராஜா சூலான் என்ற பெயரில் ஒரு மாபெரும் வேந்தனாகக் கதைக்குள் கொண்டுவருகிறது. இவை அரபு எழுத்தின் ஒரு வடிவமான ஜாவி எழுத்தில் எழுதப்பட்ட பழைய மலாய் நூல்கள். இன்றைய இந்தோனேசிய மொழி அந்த மலாயிலிருந்து கிளைத்தது. முதுகலை மட்டத்தில் இந்தோனேசியத்தைக் கற்றவனுக்கு ஜாவியும் பழைய மலாயும் அடுத்த படி. தொடக்க வகுப்போடு நின்றவனுக்கு அவை பூட்டிய அறை. பத்தாவியாவுக்குப் போன அடிமைகளின் பின்கதையும் அப்படியே. விடுதலை பெற்ற அடிமைகள் மார்தைக்கர் என்ற தனிச் சமூகமாக வாழ்ந்ததும், வட ஜகார்த்தாவின் துகு குடியிருப்பில் அவர்கள் வழியினர் இன்றும் இருப்பதும் அறிந்த செய்திகள். அவர்களில் நம் கரையிலிருந்து போனவர்கள் யார், எவருடைய நினைவில் எது எஞ்சியிருக்கிறது என்று அங்கே போய்க் கேட்கவும் உள்ளூர் ஆய்வாளர் எழுதியதைப் படிக்கவும் அவர்கள் மொழி வேண்டும்.

இதைவிடப் பழைய உறவு சுமத்ராவின் மேற்குக் கரையில் கிடைக்கிறது. கற்பூரத்துக்குப் பேர்போன பாருஸ் துறைக்கு அருகே, லோபு துவாவில், 1873-இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் சக ஆண்டு 1010-இல், அதாவது கி.பி. 1088-இல், பொறித்தது அது. கல் இப்போது ஜகார்த்தாவின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது. நீலகண்ட சாஸ்திரியார் இதைப் பற்றி 1932-இல் எழுதிய கட்டுரை பத்தாவியாவின் ஆய்விதழில் வெளிவந்தது. பின்னர் 1990களில் பிரெஞ்சு, இந்தோனேசிய ஆய்வாளர்கள் சேர்ந்து லோபு துவாவில் அகழ்ந்தபோது பேராசிரியர் எ. சுப்பராயலு கல்வெட்டை மீண்டும் படித்துப் பதிப்பித்தார். அந்த ஆய்வுத் தொகுதி 1998-இல் பிரெஞ்சிலும் 2002-இல் இந்தோனேசிய மொழியிலும் வந்தது. தமிழ் வணிகர் கால்வைத்த ஊரின் அகழாய்வு இந்தோனேசிய மாணவன் கையில் அவன் தாய்நாட்டு மொழியில் இருக்கிறது. மேடானுக்கு அருகிலுள்ள கோத்தா சினாவில் சோழர் பாணிச் சிலைகள் கிடைத்தன. ஆச்சேயின் நெயுசுவில் இன்னொரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. இவற்றைப் பற்றி மேடான் தொல்லியல் அலுவலகம் நடத்திவந்த சங்ககாலா என்ற இதழில் கட்டுரைகள் இந்தோனேசிய மொழியிலேயே வந்தன. தமிழ்நாட்டில் அவற்றை நேரடியாகப் படிப்பவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கடல் கடந்த சோழர் பெருமையைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். எதிர்க்கரையில் அகழ்ந்தவர்கள் எழுதியதைப் படிப்பதில்லை. இந்த நிலை எனக்கு வருத்தம் தருகிறது.

மொழியறிவு இல்லாத இடத்தில் ஊகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. வட சுமத்ராவின் காரோ மக்களிடையே செம்பிரிங் என்ற குலத்தின் உட்பிரிவுகளுக்குச் சோலியா, பாண்டியா, பெலவி, மெலியாலா என்று பெயர்கள் உண்டு. தமிழர் எவரும் இதைக் கேட்டவுடன் சோழர், பாண்டியர், பல்லவர், மலையாளர் என்று பொருத்திவிடுவார். பொருத்தம் பிழை என்று நான் சொல்லவரவில்லை. ஆய்வாளர் பலர் இதைத் தென்னிந்தியத் தொடர்பின் தடயமாகவே கொள்கின்றனர். ஆனால் பெயர் எப்போது, யார் வழியாக வந்தது, அது குருதி உறவா வணிக உறவா, காரோ மக்களின் குலமுறையில் அந்தப் பெயருக்கு இன்று என்ன வேலை என்ற கேள்விகளுக்கு விடை அவர்களுடைய வழக்காறுகளிலும் இந்தோனேசியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும்தான் கிடைக்கும். அவற்றைப் படிக்காமல் பெயர் ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு கட்டுரை எழுதினால் அது வரலாறு ஆகாது. உயர்நிலை மொழிக்கல்வி நம் பெருமிதத்துக்கு எதிரி என்று எவரும் அஞ்ச வேண்டாம். பெருமிதத்தைச் சான்றின்மேல் நிறுத்துவது அது ஒன்றுதான். அப்படிப் படித்தவர் என்ன செய்ய முடியும் என்பதற்கு ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் எழுதி 2011-இல் வந்த நூலைக் காட்டலாம். ஆயிர மசலா என்ற இசுலாமிய நூல் தமிழில் 1572-இல் அரங்கேறியது. அதே நூல் மலாயிலும் ஜாவானிய மொழியிலும் உண்டு. மூன்றையும் அருகருகே வைத்து, ஒரு சமயம் மொழிபெயர்ப்பின் வழியாகக் கடல்களைக் கடந்த கதையை அவர் எழுதினார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அந்த வேலையைச் செய்ய என்ன தடை? தமிழ் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. இல்லாதது எதிர்க்கரை மொழி. இலங்கை மலாய் மக்களின் பேச்சில் தமிழின் வாக்கிய அமைப்பு எப்படி ஊடுருவியது என்பதை மேலைநாட்டு மொழியியலாளர் பல ஆண்டுகளாக ஆராய்ந்து விவாதிக்கிறார்கள். அந்த விவாதத்தில் இரு பக்க மொழியும் அறிந்த தமிழர் குரல் அதிகம் கேட்க வேண்டும்.

பழங்கதை போதும், இந்தக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு என்ன பயன் என்று தொழில் நடத்துவோர் கேட்பது காதில் விழுகிறது. எண்ணூர் காமராஜர் துறைமுகம் இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் இருக்கின்றன. இந்தியா வெளிநாட்டிலிருந்து வாங்கும் அனல்மின் நிலக்கரியில் மிகப் பெரும் பங்கு இந்தோனேசியாவினுடையது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு உருக்கு ஆலைகளுக்கு மின்கட்டணமும் நிலக்கரி விலையும் உயிர்நிலை. தேர்வாய்கண்டிகையில் டயர் ஆலை நிற்கிறது. உலகில் இயற்கை ரப்பர் உற்பத்தியில் தாய்லாந்துக்கு அடுத்த நாடு இந்தோனேசியா. ரேஷன் கடையில் நாம் வாங்கும் பாமாயிலுக்கும் உலகின் முதல் உற்பத்தியாளர் அந்த நாடுதான். 2021 டிசம்பர் 31 அன்று அந்நாட்டின் கனிம, நிலக்கரித் துறை இயக்குநரகம் ஒரு கடிதம் வெளியிட்டது. உள்நாட்டு மின்நிலையங்களில் இருப்பு குறைந்துவிட்டது, எனவே 2022 ஜனவரி முழுவதும் நிலக்கரி ஏற்றுமதி இல்லை என்பது அதன் செய்தி. மறுநாளே தடை நடப்புக்கு வந்தது. கடிதம் இந்தோனேசிய மொழியில் இருந்தது. ஆனால் அந்தத் தடை வானத்திலிருந்து விழவில்லை. உற்பத்தியில் 25 விழுக்காட்டை உள்நாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருந்தது. அதைச் சுரங்கங்கள் நிறைவேற்றவில்லை என்ற முறையீடு அந்நாட்டு நாளேடுகளிலும் நாடாளுமன்றக் குழுக்களிலும் பேசப்பட்டது. தொடர்ந்து படித்துவந்த ஒருவருக்கு அந்தக் கடிதம் இவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்காது.

மொழிபெயர்ப்புக் கருவிகள் கைப்பேசியிலேயே இருக்கும்போது இதற்கு முதுகலைப் பட்டம் எதற்கு என்பது இன்று மிக வலுவான மறுப்பு. அதே 2022-இன் ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். சமையல் எண்ணெயும் அதன் மூலப்பொருளும் ஏற்றுமதி செய்யக் கூடாது என்று ஏப்ரல் 22 அன்று அதிபர் ஜோக்கோ விடோடோ அறிவித்தார். அடுத்த சில நாட்களில் அதிகாரிகள், தடை சுத்திகரித்த பாமொலினுக்கு மட்டும்தான், கச்சா எண்ணெய்க்கு இல்லை என்றார்கள். ஏப்ரல் 27 இரவு கச்சா எண்ணெய் உட்பட எல்லாம் தடைக்குள் வந்தன; 28-இல் வணிக அமைச்சகத்தின் 22ஆம் எண் விதி நடப்புக்கு வந்தது; மே 23 அன்று தடை நீங்கியது. ஏப்ரலின் அந்த ஒரு வாரத்தில் உலகச் சந்தை இப்படியும் அப்படியும் ஆடியது. அறிவிப்பின் வாக்கியங்களை ஆங்கிலத்தில் மாற்றுவதில் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. அன்றே எல்லாச் செய்தி நிறுவனங்களும் மாற்றிவிட்டன. சிக்கல் வேறிடத்தில் இருந்தது. அதிபரின் பேச்சுக்கு என்ன சட்ட வலிமை, அமைச்சக விதி வரும்வரை சுங்கத் துறை எதைப் பின்பற்றும், மூலப்பொருள் என்ற சொல்லை முந்தைய விதிகள் எந்த எல்லைக்குள் பயன்படுத்தின என்பவற்றை அறிந்தவர்தான் அந்த வாரத்தில் கப்பலை நிறுத்தவோ அனுப்பவோ ஆலோசனை சொல்ல முடியும். கருவி வாக்கியத்தைத் தரும். எந்த ஆவணத்தை நம்புவது என்ற தீர்ப்பை அந்த நாட்டின் சட்ட நடையில் ஊறிய மனிதர்தான் தர முடியும். கருவியின் பிழையைக் கண்டுபிடிக்கவும் அவரே வேண்டும்.

ஆங்கிலத்தில் ஒப்பந்தம் போட்டால் தீர்ந்தது என்ற எண்ணத்துக்கும் அங்கே அடி விழுந்திருக்கிறது. 2009-இல் நிறைவேறிய 24ஆம் எண் சட்டம், இந்தோனேசியத் தரப்பு கலந்துகொள்ளும் ஒப்பந்தங்களில் இந்தோனேசிய மொழியைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது. மீறினால் என்ன தண்டனை என்று சட்டம் சொல்லவில்லை. விளக்க விதிகள் வரும்வரை ஆங்கில ஒப்பந்தம் செல்லும் என்று சட்ட அமைச்சரின் கடிதமும் வந்தது. இந்த நிலையில் 2010-இல் டெக்சாஸைச் சேர்ந்த நைன் ஏ.எம். என்ற நிறுவனம் பங்குன் கார்யா பிரதாமா லெஸ்தாரி என்ற இந்தோனேசிய நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் மட்டும் பத்திரம் எழுதிக் கடன் கொடுத்தது. கடன் வாங்கியவர் வழக்குப் போட்டார். மேற்கு ஜகார்த்தா நீதிமன்றம் 2013-இல் ஒப்பந்தமே செல்லாது என்றது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019-இல் அதிபரின் 63ஆம் எண் ஆணை மொழிப் பயன்பாட்டைத் தெளிவாக்க முயன்றது. 2023-இல் உச்ச நீதிமன்றமே ஒரு சுற்றறிக்கையில், கெட்ட எண்ணம் நிரூபணமானால் ஒழிய மொழிபெயர்ப்பு இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் ரத்தாகாது என்று நிலையைத் தளர்த்தியது. சட்டம், அமைச்சரின் கடிதம், தீர்ப்பு, ஆணை, சுற்றறிக்கை என்று பதினான்கு ஆண்டுகள் நகர்ந்த இந்தக் கதையின் ஒவ்வொரு கட்டமும் அந்த மொழியில்தான் நடந்தது. இந்தோனேசியச் சுரங்கத்தோடோ தோட்டத்தோடோ ஒப்பந்தம் எழுதும் கும்மிடிப்பூண்டி நிறுவனம், தன் பக்கத்தில் அந்தப் பத்திரத்தைப் படித்துப் பார்க்க ஆளில்லாமல் எதிர்த்தரப்பின் மொழிபெயர்ப்பை நம்பிக் கையெழுத்துப் போடுவது முறையா என்று யோசியுங்கள்.

எளிய மொழி என்று அதற்கு ஒரு பெயர் வந்துவிட்டது. ரோமன் எழுத்து, வினைக்குக் கால விகுதி இல்லை, ஆண்பால் பெண்பால் இல்லை. இவை உண்மையே. ஆனால் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பள்ளி, அலுவலில் பயன்படுத்தும் அளவு இந்தோனேசியம் கற்க 36 வாரம், அதாவது 900 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று கணித்திருக்கிறது. பிரெஞ்சுக்கும் ஸ்பானியத்துக்கும் ஒதுக்கியதைவிட இது அதிகம். காரணம் அந்த மொழியின் சொல்லாக்கத்தில் இருக்கிறது. அஜார் என்ற ஒரே வேரிலிருந்து வருபவற்றில் பெலாஜார் என்றால் கற்பது, மெங்ஙாஜார் என்றால் கற்பிப்பது, மெம்பெலாஜாரி என்றால் ஒன்றை ஆழ்ந்து பயில்வது, தெர்பெலாஜார் என்றால் கல்வி வாய்த்த நிலை. பின்னொட்டுகளுக்குப் பழகிய நமக்கு முன்னொட்டும் பின்னொட்டும் ஒருசேர வந்து பொருளை மாற்றுவது புதிது. பேச்சில் இந்த ஒட்டுகளைப் பாதிக்குப் பாதி விட்டுவிடுவார்கள். சட்டத்திலும் ஆய்விலும் ஒன்றைக்கூட விட மாட்டார்கள். எழுத்து நடை செயப்பாட்டு வினையில் சாய்வதால், செய்ய வேண்டியவர் யார் என்பதே சொல்லப்படாமல் ஒரு முழு விதி ஓடும். அதை முந்தைய பிரிவுகளிலிருந்து பொருத்திப் படிக்க வேண்டும். அதன்மேல் அரசு அலுவலகங்களின் சுருக்கப் பெயர்கள், ஜாவானியச் சொற்கள், அரபுச் சொற்கள், டச்சுச் சட்டச் சொற்கள். முதல் ஆறு மாதத்தில் கிடைக்கும் வேகத்தைப் பார்த்து மொழி வந்துவிட்டது என்று நிறுத்திவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து. மலையேற்றத்தில் அடிவாரப் பாதை சமமாக இருப்பதைப் பார்த்து உச்சியும் இப்படித்தான் என்று நினைப்பதற்கு ஒப்பானது அது.

தமிழருக்கென்றே சிறப்பாகப் பொருந்தும் ஒரு காரணத்தை இனிச் சொல்கிறேன். என் மனத்துக்கு மிக நெருக்கமானதும் இதுவே. 1928 அக்டோபர் 28 அன்று இந்தோனேசிய இளைஞர் மாநாட்டில் எடுத்த உறுதிமொழியில் பொதுமொழியாக ஏற்கப்பட்டது எண்ணிக்கையில் மிகப் பெரிய இனத்தினரின் ஜாவானிய மொழி அல்ல. மக்கள்தொகையில் சிறு பங்கினரே தாய்மொழியாகப் பேசிய மலாயை அடிப்படையாகக் கொண்ட இந்தோனேசியம் அது. பெரும்பான்மையின் மொழி பொதுமொழி ஆக வேண்டும் என்ற வாதத்தை 1938-லும் 1965-லும் தெருவில் நின்று எதிர்த்த நாடு நம்முடையது. இந்தோனேசியர் செய்த அந்தத் தேர்வு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதையும், அதன் விளைவாக 700-க்கு மேற்பட்ட வட்டார மொழிகள் இன்று படும் பாட்டையும், அவர்கள் எழுதிய நூல்களிலிருந்தே நாம் அறிய வேண்டும். இரண்டும் நமக்குப் பாடம். இன்னொன்று, கலைச்சொல். ஜப்பானியர் ஆக்கிரமிப்பின்போது 1942-இல் அமைந்த மொழிக் குழுவிலும் அதற்குப் பின்பும் சுத்தான் தக்திர் அலிஸ்யாபானா போன்றோர் அறிவியலுக்கும் சட்டத்துக்கும் சொல் ஆக்கினார்கள். 1972-இல் எழுத்துமுறையைத் திருத்தினார்கள். இன்று அந்நாட்டில் மருத்துவமும் பொறியியலும் இந்தோனேசிய மொழியிலேயே கற்பிக்கப்படுகின்றன. நம் அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டிடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. மாணவர் சேர்க்கையில் அது பட்ட சிரமம் ஊரறிந்தது. தன் மொழியில் பொறியியல் கற்பிக்கும் ஓர் ஆசிய நாட்டின் பாடநூல்களை, அவர்கள் ஏற்ற சொற்களையும் கைவிட்ட சொற்களையும், நேரடியாகப் படித்து ஒப்பிட நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? தமிழ்வழிக் கல்விக்காகக் கவலைப்படுகிறவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

வேலை கிடைக்குமா என்பது பெற்றோரின் கேள்வி. அதை அற்பமாக நினைக்க எனக்கு மனமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் கொரிய மொழி வகுப்பு நடப்பதற்குக் காரணம் கொரிய நிறுவனம் அங்கே ஆலை வைத்திருப்பது. ஜப்பானிய மொழிக்கும் அப்படியே. முதலீட்டோடு வருகிற நாடு தன் மொழியையும் கூட்டிக்கொண்டு வருகிறது. இந்தோனேசியா நம்மிடம் முதலாளியாக வரவில்லை. மூலப்பொருள் தரும் நாடாக இருக்கிறது. எனவே நமக்காக வகுப்பு நடத்த அங்கிருந்து யாரும் வர மாட்டார்கள். தேவையை உணர்ந்து நாமேதான் தொடங்க வேண்டும். நூற்றுக்கணக்கில் வேலை இருக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். கப்பல் தரகு, நிலக்கரி, எண்ணெய் இறக்குமதி, வணிக வழக்கறிஞர் அலுவலகம், தொல்லியல் துறை, வெளியுறவுப் பணி, மொழிபெயர்ப்பு ஆகியவற்றுக்குச் சேர்த்து ஆண்டுக்குப் பத்துப் பேர் போதும். ஆனால் அந்தப் பத்துப் பேர் உண்மையிலேயே தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். மலேசியத் தமிழர்கள் மலாய் அறிந்தவர்கள்தானே, அவர்களைக் கொண்டு சமாளிக்கலாமே என்று சிலர் சொல்கிறார்கள். அவர்கள் உதவி மதிப்புமிக்கது. எனினும் மலேசியச் சட்ட மரபு ஆங்கிலேயருடையது, இந்தோனேசியாவினுடையது டச்சுக்காரருடையது; சொற்களின் பொருளும் அதற்கேற்பப் பிரிந்துவிட்டது. மேலும் ஓர் இனத்தின் அறிவுத் தேவை முழுவதையும் அயலில் வாழும் உறவினரிடம் விட்டுவிடுவது சரியான ஏற்பாடு ஆகாது.

புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுக்கென்று ஒரு மையம் உண்டு. பொன்னேரி அரசுக் கல்லூரி அதே பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் அயல்மொழிப் பள்ளி இந்தோனேசியம் கற்பிக்கிறது. இந்தோனேசிய அரசின் தர்மசிஸ்வா உதவித்தொகை 1974 முதல் அயல்நாட்டு மாணவர்களை அங்கே வரவழைத்துக் கற்பிக்கிறது. உகேபிஐ என்ற அவர்களுடைய தேர்வு ஒருவரின் மொழித் திறனை அளந்து சொல்கிறது. யுனெஸ்கோவின் பொது மாநாடு 2023 நவம்பரில் அந்த மொழியைத் தன் பத்தாவது அலுவல் மொழியாக ஏற்றிருக்கிறது. இரண்டு ஆண்டு முதுகலைப் படிப்பில் முதல் ஆண்டு முழுவதும் மொழிக்கே போகட்டும். கோடையில் ஒரு பருவம் யோக்யகர்த்தாவிலோ மேடானிலோ கழியட்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு பிரிவினர் சட்டமும் வணிக ஆவணமும், இன்னொரு பிரிவினர் ஜாவி எழுத்தும் பழைய மலாயும் தொல்லியல் அறிக்கையும் படிக்கட்டும். பட்டத்துக்கு உரிய ஆய்வேடு, இந்தோனேசிய மூலத்திலிருந்து ஆங்கிலத்தின் துணையின்றி நேரே தமிழுக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பாகவோ மூலங்களைப் படித்து எழுதிய ஆராய்ச்சியாகவோ இருக்க வேண்டும் என்று விதி செய்தால் தரம் தானே நிற்கும். ஆய்வாளர் நம்பித் திறக்கக்கூடிய ஒரு தமிழ் – இந்தோனேசியப் பேரகராதியை அந்தத் துறை தன் முதல் பத்தாண்டுப் பணியாக எடுத்துக்கொள்ளலாம்.

இந்த அவையில் சிப்காட் தொழில் நடத்துவோர் இருக்கிறீர்கள். பழவேற்காட்டின் கோட்டையையும் கல்லறைகளையும் காக்க உழைக்கும் நண்பர்கள் இருக்கிறீர்கள். கல்லூரி ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். நீங்கள் மூன்று தரப்பினரும் சேர்ந்து கையெழுத்திட்டு, இந்தோனேசிய மொழியில் முதுகலைப் படிப்பைத் தொடங்குமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு விண்ணப்பம் அனுப்புங்கள். ஆண்டுக்கு இரண்டு மாணவரின் செலவை இந்தத் தொழிற்பேட்டை ஏற்கும் என்ற உறுதியையும் அதோடு இணைத்து அனுப்ப வேண்டுகிறேன்.